தேன் எடுக்கும் கை

 

இன்று தேனீயைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறோம். தேனீயின் சுறுசுறுப்பையும் சேமிப்பையும் பற்றிப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். அதையே இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. தேனீக்கும் நோய் வரும். அதன் வீட்டுக்குள்ளும் திருடன் புகுவான். அந்த நோயும் அந்தத் திருடனும் எப்படி ஊர்விட்டு ஊர் போகின்றன, எப்படிக் கப்பலேறிக் கடல் தாண்டுகின்றன, அதில் நம் கைக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் எங்கள் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அது பெருமைப்படும் கதையன்று. ஆனாலும் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

நாங்கள் செபராங் பிறையில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம், பழைய மாமரத்தின் நிழலில், மாணவர்களின் அறிவியல் பாடத்துக்கு உதவட்டும் என்று மூன்று தேன் பெட்டிகளை வைத்திருந்தோம். எங்களைப் பார்த்து, லயத்தில் குடியிருக்கும் ஒரு தாயும் இரண்டு பெட்டி வைத்தார். காலையில் பால்மரம் வெட்டப் போய், மதியம் வீடு திரும்பி, மாலையில் பெட்டியைப் பார்ப்பார். கிடைத்த தேனைச் சிறு போத்தல்களில் அடைத்து விற்று, பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தைச் சமாளித்து வந்தார்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பெட்டிகளில் ஒன்று சோர்ந்து போயிற்று. வாசலில் கூட்டம் குறைந்தது. வேறு காட்டுக்குப் பறந்து போய்விட்டன போலும் என்று எண்ணி நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாயின் பெட்டி ஒன்றில் அடை குறைவாக இருந்தது. “நம்மிடம் சும்மா கிடக்கிறதே, அவருக்காவது உதவட்டும்” என்று சோர்ந்த பெட்டியிலிருந்து புழுவோடு கூடிய ஒரு சட்டத்தை எடுத்து அவர் பெட்டியில் நாங்களே எங்கள் கையால் வைத்தோம். தேன் எடுக்கும் கத்தியையும் இரவல் கொடுத்தோம்.

இரண்டு மாதம் கழியுமுன் அவருடைய பெட்டி ஒன்று காலி. எங்களுடைய மூன்றும் காலி. ஒரு நாள் மாலை அவர் பள்ளி வாசலில் வந்து நின்று, கோபமே இல்லாமல், “சார், நீங்க குடுத்த சட்டத்துலருந்துதான் வந்திருக்கும் போல” என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பயிற்சிக் கல்லூரியில் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய நாங்கள், அன்றைக்கு அவருக்குச் சொல்லப் பதில் இல்லாமல் நின்றோம்.

நேயர்களே, அவர் சொன்னது சரி. அது எப்படிச் சரி என்பதை இப்போது பார்ப்போம்.

தேன் பெட்டியை நீங்கள் திறந்து பார்த்திருந்தால், மெழுகால் ஆன ஆறு மூலை அறைகள் வரிசை வரிசையாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ராணித் தேனீ ஓர் அறைக்கு ஒரு முட்டையாக இட்டுக்கொண்டே போகும். மூன்று நாளில் முட்டை பொரிந்து வெள்ளைப் புழு வெளிவரும். இளம் வேலைக்காரத் தேனீக்கள் தாதியைப் போல் அதற்குத் தங்கள் தலையில் சுரக்கும் பாலை ஊட்டும். புழு முற்றியதும் அறையின் வாயை மெழுகால் மூடிவிடும். உள்ளே அது கூட்டுப்புழுவாகி, முட்டையிட்ட நாளிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் சிறகு முளைத்த தேனீயாக வெளியே வரும்.

எங்கள் பெட்டிக்கு வந்த நோய் அந்தப் புழுவைத் தாக்கும் நோய். அறிவியலார் இதை சாக்புரூட் என்கிறார்கள். நாம் பைப்புழு நோய் என்று சொல்லலாம். இது வைரஸ் கிருமியால் வருவது. நோய் பிடித்த புழு, கூட்டுப்புழுவாக மாறுவதற்குச் சற்று முன்னால் இறந்துவிடும். அறையைத் திறந்து பார்த்தால் புழு மல்லாந்து நீட்டிப் படுத்திருக்கும். தலைப்பக்கம் படகின் முனையைப் போல் மேலே தூக்கி நிற்கும். முத்துப்போல வெண்மையாக இருக்க வேண்டிய உடம்பு மஞ்சளாகிப் பழுப்பாகிக் கடைசியில் கறுத்துப்போகும். ஊசி முனையால் மெதுவாகத் தூக்கினால், நீர் நிறைந்த ஒரு சிறு பை போலத் தொங்கும். அதனால்தான் பைப்புழு என்கிறோம்.

இறந்த புழுவை வேலைக்காரத் தேனீக்கள் சும்மா விட்டுவைப்பதில்லை. வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது அவற்றின் குணம். புழுவைக் கடித்து இழுத்து வெளியே போடும். அப்போது கிருமி அவற்றின் வாய்க்குள் போகும். வளர்ந்த தேனீ அதனால் உடனே சாவதில்லை. ஆனால் அதன் தலையில் பால் சுரக்கும் சுரப்பியில் கிருமி போய்த் தங்கும். அதே தேனீ அடுத்த அறைக்குப் போய் அங்கிருக்கும் நல்ல புழுவுக்குப் பாலோடு நோயையும் சேர்த்து ஊட்டும். பாருங்கள், வீட்டைத் துப்புரவு செய்யும் குணமும் குழந்தைக்குப் பாலூட்டும் குணமும் சேர்ந்தே நோயைப் பரப்பிவிடுகின்றன. புதிய தேனீக்கள் பிறக்காமல் போகும். பழையவை வயதாகி விழும். கூடு காலியாகும்.

நாங்கள் செய்ததும் அதுதான். நல்ல எண்ணத்தோடு உதவி செய்தோம். அந்த உதவியோடு நோயையும் சேர்த்தே கொடுத்தோம்.

இந்த நோயில் கொடியதொரு வகை உண்டு. 1976ஆம் ஆண்டு தாய்லாந்தில் முதன்முதலில் கண்டறியப்பட்டதால் அதற்குத் தாய் சாக்புரூட் என்று பெயர். மேலைநாட்டுத் தேனீயைவிட, நம் ஆசியாவின் பொந்துத் தேனீயைத்தான் இது கடுமையாகத் தாக்கும். இதனால் ஒரு வட்டாரமே அடைந்த துன்பத்தைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் கன்னியாகுமரி மாவட்டம் இருக்கிறது. அங்கே மார்த்தாண்டம் என்று ஓர் ஊர். முன்பு அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1920ஆம் ஆண்டுகளில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் சார்பில் அங்கே ஒரு கிராம முன்னேற்ற நிலையத்தை நடத்தினார். ஏழைக் குடும்பங்கள் வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க என்ன வழி என்று பார்த்து அந்த நிலையம் கற்றுக்கொடுத்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. பிறகு அது வீட்டுக்கு வீடு பரவியது. மார்த்தாண்டம் தேன் என்றால் தமிழ்நாடெங்கும் தெரியும் என்ற நிலை வந்தது.

அங்கே தேன் எந்தப் பூவிலிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? நம் தோட்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பெரும்பகுதி பூவிலிருந்தே வருவதில்லை, ரப்பர் மரத்தின் இலையிலிருந்து வருகிறது! ஆம், நாம் கித்தா மரம் என்று சொல்லும் அதே மரந்தான். ஆண்டுத் தொடக்கத்தில் இலையெல்லாம் உதிர்ந்து செந்நிறத் தளிர் விடும் அல்லவா? அந்தத் தளிர் இலையின் காம்பில், மூன்று இலைகள் ஒன்று சேரும் இடத்தில், சிறு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் இனிப்பு நீர் கசியும். தேனீ அதை உறிஞ்சிக் கொண்டுபோய்த் தேனாக்கும். அடுத்த முறை தளிர் விடும்போது ஒரு காம்பைப் பறித்து அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். பல தலைமுறையாக நாம் அதன் பாலை மட்டுமே பார்த்து வந்திருக்கிறோம். அதே மரம் தேனும் தருகிறது.

அப்படிச் செழித்திருந்த வட்டாரத்தில் 1991ஆம் ஆண்டிலும் 1992ஆம் ஆண்டிலும் தாய் சாக்புரூட் நோய் புகுந்தது. கேரளம், கன்னியாகுமரி, கர்நாடகம் என்று தென்னிந்தியா முழுவதும் பரவியது. நூற்றுக்கு 90 பெட்டிகளுக்கு மேல் காலியாயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வைரஸ் நோய் ஆனபடியால் குணப்படுத்த மருந்து கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தேனை நம்பிக் கடன் வாங்கியவர்கள் இருந்தார்கள். பெட்டி செய்யும் தச்சர்கள் இருந்தார்கள். பெட்டிகளைக் கித்தாக் காட்டுக்குத் தூக்கிப்போகும் கூலியாட்கள் இருந்தார்கள். தேனீ போனதும் இவர்கள் எல்லாருடைய அடுப்பும் அல்லவா தணிந்திருக்கும்?

ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை. நூற்றில் சில கூடுகள் பிழைத்திருந்தன. அவற்றுக்கு அந்த நோயைத் தாங்கும் வலிமை சற்றுக் கூடுதலாக இருந்தது. தேனீ வளர்ப்போர் பிழைத்த கூடுகளைப் பொறுமையாகப் பேணி, அவற்றிலிருந்தே புதிய ராணிகளை உண்டாக்கி, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கிப் பெருக்கினார்கள். நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லை, அவ்வப்போது தலைகாட்டத்தான் செய்கிறது. ஆனாலும் இன்று மார்த்தாண்டத்துச் சுற்றுவட்டாரம் மறுபடியும் தேனுக்குப் பெயர் சொல்லும் ஊராக இருக்கிறது.

“தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா?” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் புறங்கையில் ஒட்டியிருப்பது தேன் மட்டுந்தானா என்று நாம் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நோய்ப்பட்ட பெட்டியைத் தொட்ட கையில், கத்தியில், சட்டத்தில், தேன் பிழியும் துணியில் கிருமியும் ஒட்டியிருக்கிறது. தேனீ தன் சிறகால் பறந்து போகும் தூரம் கொஞ்சந்தான். நாம்தான் லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் பெட்டியை ஏற்றி, ஒரே இரவில் நூறு மைலுக்கு அப்பால் நோயைக் கொண்டுபோய் இறக்குகிறோம்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். நோய் வந்த கூட்டின் தேனைச் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு ஆகாதா? அந்தப் பயம் வேண்டாம். இது தேனீயின் நோய். மனிதரைத் தொடாது. ஆனால் அந்தத் தேனை மற்றத் தேனீக்களுக்கு உணவாக வைக்கக்கூடாது. அவ்வளவுதான்.

இனிப் பூச்சிகளின் கதைக்கு வருவோம். நம் நாட்டுத் தேனீக்குப் பகைவர்கள் புதியவர்கள் அல்லர். தெபுவான் என்று நாம் பயப்படும் பெருங்குளவி, பெட்டி வாசலில் நின்று தேனீயைப் பிடித்துத் தின்னும். நம் பொந்துத் தேனீயிடம் அதற்கு ஓர் ஆயுதம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒரே நேரத்தில் குளவியைச் சூழ்ந்து பந்து போல் மூடிக்கொள்ளும். பிறகு சிறகுத் தசைகளை அதிரவைத்து வெப்பத்தை உண்டாக்கும். பந்தின் நடுவில் ஏறக்குறைய 46 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறும். அந்தச் சூட்டைத் தேனீ தாங்கும், குளவி தாங்காது. கொட்டாமலே குளவியைக் கொன்றுவிடும். மலைத்தேனீயோ வேறு விதம். உயர்ந்த துவாலாங் மரத்தில் தொங்கும் அதன் அடையின் மேல் குளவி நெருங்கினால், ஆயிரம் தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி, கடல் அலை புரள்வது போல் காட்டிப் பயமுறுத்தி விரட்டும்.

இந்தத் தந்திரங்கள் எங்கிருந்து வந்தன? குளவியும் தேனீயும் எண்ணற்ற ஆண்டுகள் ஒரே காட்டில் வாழ்ந்ததால் வந்தவை. பழைய பகைவனைத் தேனீக்குத் தெரியும். முன்பின் தெரியாத பகைவன் வரும்போதுதான் ஆபத்து.

வரோவா என்ற உண்ணி இதற்கு நல்ல சான்று. 1904ஆம் ஆண்டு, நமக்கு அண்டையிலுள்ள ஜாவாத் தீவில் கிடைத்த பொந்துத் தேனீயின் உடம்பிலிருந்துதான் இந்த வகை உண்ணியை அறிவியலார் முதலில் விவரித்தார்கள். செந்நிறமாகத் தட்டையாக, ஒன்றரை மில்லிமீட்டர் அகலந்தான் இருக்கும். நம் பொந்துத் தேனீ அதோடு பழகிவிட்டது. ஒன்றன் உடம்பை ஒன்று சுத்தம் செய்து உண்ணியைக் கடித்துத் தள்ளிவிடும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் புழுக்கள் வளரும் அறையில் மட்டுமே பெருகும். ஆகவே கூடு அழிவதில்லை. ஆனால் அதிகத் தேன் கிடைக்கும் என்று மேலைநாட்டுத் தேனீயை மனிதர்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உண்ணி அதன்மேல் தாவிற்று. அந்தத் தேனீக்கு இதை எதிர்க்கத் தெரியாது. உண்ணி வேலைக்காரப் புழுக்களின் அறையிலும் பெருகி, அவற்றின் உடம்பை உறிஞ்சி, கூடவே வேறு வைரஸ் நோய்களையும் ஏற்றிவிடும். மருந்து போடாமல் விட்டால் பெரும்பாலான கூடுகள் சில ஆண்டுகளுக்குள் அழிந்துவிடும். பெட்டி வணிகத்தோடு இந்த உண்ணி ஐரோப்பாவுக்குப் போனது. 1987இல் அமெரிக்காவில் காணப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்துக்கும் போய்விட்டது.

ஆஸ்திரேலியா மட்டும் நெடுநாள் தப்பியிருந்தது. அங்கே துறைமுகங்களில் காவலுக்கென்றே தேன் பெட்டிகளை வைத்து, அடிக்கடி சோதித்துப் பார்ப்பார்கள். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், நியூகாசல் துறைமுகத்தில் அத்தகைய காவல் பெட்டியில்தான் உண்ணி அகப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்தும் தடுக்க முடியவில்லை. அடியோடு ஒழிக்கும் முயற்சியை 2023 செப்டம்பரில் கைவிட்டு, இனி அதோடு வாழப் பழகிக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள்.

அதே நாட்டில் இன்னொரு செய்தி. 2007ஆம் ஆண்டு மே மாதம் கெய்ர்ன்ஸ் நகரத்தில் பழுதுபார்க்கக் கரையேற்றிய ஒரு பாய்மரப் படகின் கம்பத்துக்குள் ஒரு தேனீக்கூடு இருந்தது. எந்தத் தேனீ தெரியுமா? நம் வீட்டுக் கொல்லையில் பறக்கும் பொந்துத் தேனீயின் இனமே! இங்கே நமக்கு நண்பனான தேனீ, அங்கே அழைக்காமல் வந்த அந்நியன். தேடித் தேடி அழித்துப் பார்த்தார்கள். 2011இல் இனி ஒழிக்க இயலாது என்று விட்டுவிட்டார்கள். ஆகவே, பிறப்பிலேயே கெட்ட பூச்சி என்று எதுவும் இல்லை. இடம் மாறினால் குணமும் விளைவும் மாறிவிடுகின்றன.

மற்றொரு வழிப்போக்கன் சிறு கூட்டு வண்டு. இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. நீளம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கறுப்பாக இருக்கும். கூட்டுக்குள் புகுந்து முட்டையிடும். புழுக்கள் அடையைத் துளைத்து நாசமாக்கும். தேன் புளித்து நுரைத்து, அழுகிய ஆரஞ்சுப் பழத்தைப் போல் வீசும். பிறகு புழுக்கள் மண்ணில் இறங்கி வண்டாக மாறும். 1998இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும், 2002இல் ஆஸ்திரேலியாவிலும் இது கண்டறியப்பட்டது. 2014இல் நமக்கு அருகிலேயே பிலிப்பைன்ஸின் மிண்டானாவ் தீவுக்கும் வந்துவிட்டது. கொட்டாத தேனீயாகிய கெலுலுட்டின் கூட்டையும் இது விட்டுவைப்பதில்லை. நம் நாட்டில் இப்போது எத்தனையோ குடும்பங்கள் மரக்கட்டையில் கெலுலுட் வளர்க்கின்றன. ஆகவே இந்தப் பெயரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நேயர்களே, நாம் இருப்பது பினாங்கு. ஜார்ஜ் டவுன் கடற்கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்துக் கொள்கலன்கள் மலைபோல் அடுக்கியிருப்பது தெரியும். இரு நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துக் கப்பல்கள் வந்து போகும் வாசல் இது. நம் முன்னோர்களும் இந்த வாசல் வழியாகத்தானே வந்தார்கள்? மனிதர் வரும் வழியில், சரக்கு வரும் வழியில், பூச்சியும் வரும். ஆகவே துறைமுகத்திலும் விமான நிலையத்திலும், “செடி இருக்கிறதா, மண் இருக்கிறதா, உயிருள்ள பிராணி இருக்கிறதா” என்று அதிகாரிகள் கேட்கும்போது நாம் சலித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கேள்வி நம் கொல்லையிலுள்ள பெட்டிக்கும் காவல்தான்.

அப்படியானால் வெளிநாட்டுப் பூச்சியே வரக்கூடாதா என்று கேட்பீர்கள். முறையாக வந்த பூச்சி ஒன்றைத் தோட்டத்து மக்கள் எல்லாருக்கும் தெரியும். முன்பெல்லாம் செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவ வேண்டியிருந்தது. முள் குத்தக் குத்த அந்த வேலையைச் செய்த பாட்டிமார்கள் இன்னும் சில லயங்களில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் ஒரு சிறு மூக்கு வண்டு அந்த வேலையைத் தானே செய்கிறது என்று ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கண்டார். உடனே பிடித்துவந்து விட்டுவிடவில்லை. வேறு பயிரைத் தின்னுமா, நோய் கொண்டுவருமா என்று அடைத்து வைத்துச் சோதித்த பிறகே 1981ஆம் ஆண்டு மலேசியாவில் அதைப் பறக்கவிட்டார்கள். இன்றுவரை செம்பனைக் குலை காய்ப்பதற்கு அந்த வண்டு உதவி வருகிறது. சோதித்துக் கொண்டுவந்த பூச்சி தோட்டத்தை வாழவைத்தது. சோதிக்காமல் ஒளிந்து வந்த பூச்சி தேன் பெட்டிகளைக் காலி செய்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? தேன் பெட்டி வைத்திருப்பவர்களும், வைக்க எண்ணுகிறவர்களும் இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பெட்டியை அடிக்கடி திறந்து புழு அறைகளைப் பாருங்கள். மூடி குழிந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால், உள்ளே புழுவின் நிறத்தைக் கவனியுங்கள். புழு குழைந்து நூல்போல் இழுபட்டு நாற்றமடித்தால் அது வேறு நோய், பாக்டீரியாவால் வரும் அழுகல் நோய். அதிலும் ஒரு வகையின் விதைகள் பழைய பெட்டியில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். ஆகவே யாரோ போட்டுவிட்ட பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, சோர்ந்த பெட்டியிலிருந்து நல்ல பெட்டிக்கு அடையோ, சட்டமோ, தேனோ மாற்றாதீர்கள். ஆரோக்கியமான பெட்டியை முதலில் பாருங்கள், நோய்ப்பட்டதைக் கடைசியில் பாருங்கள். பிறகு கையையும் கத்தியையும் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவுங்கள். உடுத்திய துணியையும் துவைத்துவிடுங்கள்.

மூன்றாவது, நோயில் அழிந்த கூட்டின் அடையை எரித்துப் புதைத்துவிடுங்கள். காலிப் பெட்டியைத் திறந்து போடாதீர்கள். மற்றத் தேனீக்கள் மிச்சத் தேனைத் திருட வந்து நோயை வீட்டுக்கு எடுத்துப்போகும். மெழுகு அந்துப்பூச்சியும் அங்கேதான் முட்டையிட்டுப் பெருகும்.

நான்காவது, கூடு வலுவாக இருக்கட்டும். பூ இல்லாத மழைக்காலத்துக்கென்று தேனைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். முழுவதையும் பிழிந்துவிட்டால் பட்டினி கிடக்கும் கூட்டில்தான் நோய் முதலில் புகும். நோய் தொடங்கியது தெரிந்தால், ராணியைச் சில நாள் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்திவைப்பதுண்டு. புதிய புழு இல்லாதபோது நோய் பரவும் சங்கிலி அறுபடுகிறது.

ஐந்தாவது, தூரத்து ஊரிலிருந்து கூடு வாங்கினால், விற்பவரிடம் நோய் வந்ததுண்டா என்று கேட்டு, பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். கொண்டுவந்ததை முதலில் மற்றப் பெட்டிகளிலிருந்து விலக்கி வைத்துக் கவனியுங்கள். இதுவரை பார்த்திராத வண்டோ உண்ணியோ கண்டால் ஒரு சிறு குப்பியில் சாராயம் ஊற்றி அதில் போட்டு, அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மறைத்தால் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் போய்ச் சேரும்.

பெட்டி வைக்காதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரக்கிளையில் தேனீக் கூட்டம் வந்து இறங்கினால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தாதீர்கள். பெரும்பாலும் அது ஓரிரு நாளில் தானே போய்விடும். நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டத்தின் வாரிசாகவும் அது இருக்கக்கூடும். குளவிக் கூடோ மலைத்தேனீயோ வீட்டருகில் இருந்து ஆபத்தானால், நீங்களே கல்லெறியாமல் பொம்பாவுக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ சொல்லுங்கள்.

இனி அந்தத் தாயின் கதையை முடித்துவிடுகிறோம். அவருடைய இரண்டு பெட்டிகளில் ஒன்று காலியானது என்று சொன்னோம் அல்லவா? மற்றொன்றிலும் நோய் வந்தது. புழுக்கள் செத்தன. ஆனால் கூடு சாகவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று நாங்கள்தான் சொன்னோம். அவர் கேட்கவில்லை. “இத்தனையிலயும் பிழைச்சு நிக்குதே சார், பாப்போமே” என்றார். அந்த ஆண்டு முழுவதும் ஒரு சொட்டுத் தேன் எடுக்காமல், சீனிப்பாகு ஊற்றிக் காப்பாற்றினார். அடுத்த முறை கித்தா மரம் தளிர்விட்டபோது அந்தக் கூடு பெருத்தது. அதைப் பிரித்து இரண்டாக்கினார். மார்த்தாண்டத்தில் ஒரு வட்டாரமே செய்ததை, புத்தகம் எதுவும் படிக்காமல் லயத்து வாசலில் அவர் செய்தார்.

இன்று எங்கள் பள்ளி மாமரத்தடியில் மறுபடியும் ஒரு பெட்டி இருக்கிறது. அது அவர் கொடுத்தது. கொடுக்கும்போது, “கத்திய மட்டும் கழுவிட்டு வைங்க சார்” என்று சொல்லித்தான் கொடுத்தார். எங்கள் மாணவர்கள் இப்போது பெட்டியைத் தொடுமுன் கை கழுவுகிறார்கள், தொட்டபின்னும் கழுவுகிறார்கள். அந்தப் பாடத்தை அவர்களுக்கு நாங்கள் நடத்தவில்லை, அந்தத் தாய் நடத்தினார்.

தேனீ பேசாது. தனக்கு நோய் என்று சொல்லாது. பார்க்கும் கண்ணும் கழுவிய கையும் நம்முடையவை. அவற்றை அதற்குக் கொடுப்போம்.